கொத்துத் தலைவலி: இரண்டு தாக்குதல்களுக்கு நடுவே விடாமல் இருக்கும் மெல்லிய வலியை என்ன செய்வது?

கேள்வி கேட்டவருக்குக் கொத்துத் தலைவலி (cluster headache; ஒரு பக்கத்துக் கண்ணைச் சுற்றித் தாக்குதல் தாக்குதலாக வரும் கடும் வலி) இருப்பதை நரம்பியல் மருத்துவர் உறுதிசெய்திருக்கிறார். கடும் வலி அடங்கிய பிறகும் அதே பக்கத்துக் கண்ணுக்குப் பின்னால் ஒரு மந்தமான வலி நாள் முழுதும் இருந்துகொண்டே இருக்கிறது, கழுத்து இறுகுகிறது, தலை சீவினால் அந்தப் பக்கத் தோல் நோகிறது, உடம்பு அசந்துபோகிறது என்று அவர் எழுதியிருக்கிறார். இது இயல்புதானா, தாக்குதலைத் தணிக்கப் போடும் சுமட்ரிப்டான் ஊசியை இதற்காகவும் போட்டுக்கொள்ளலாமா, பாராசிட்டமால் போன்ற மாத்திரைகளைத் தினமும் சாப்பிட்டுச் சமாளிக்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

நான் மருத்துவர் அல்லன். இந்த நோயோடு பல ஆண்டுகளாக வாழ்பவன், அதைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் கவனமாகப் படிப்பவன். நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தாக்குதல்களுக்கு இடையில் இப்படி மெல்லிய தொந்தரவுகள் இருப்பது இந்த நோயில் பலருக்கும் உள்ளதுதான். ஊசியை அதற்குச் செலவிடக் கூடாது. தினசரி வலி மாத்திரையும் வேண்டாம். அந்த வலி நாள்தோறும் விடாமல் தொடருமானால், தாக்குதல்கள் வராமலிருக்க நீங்கள் சாப்பிடும் தடுப்பு மருந்து போதிய அளவில் வேலை செய்யவில்லை என்பதற்கான தடயமாக அதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் பேசுங்கள். இவற்றுக்கான காரணங்களைக் கீழே விரிவாக எழுதுகிறேன்.

கொத்துத் தலைவலியின் ஒரு தாக்குதல், சிகிச்சை இல்லாவிட்டால், 15 நிமிடம் முதல் 180 நிமிடம் வரை நீடிக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை என்பதிலிருந்து ஒரே நாளில் எட்டு முறை வரை வரலாம். இத்தகைய தாக்குதல்கள் சில வாரங்களோ சில மாதங்களோ தொடர்ந்து வந்து, பிறகு முற்றிலும் நின்றுவிடுவதே பெரும்பாலோருக்கு உள்ள வடிவம். தாக்குதல்கள் வரும் அந்த நாட்களை இங்கே வலிக்காலம் என்று குறிப்பிடுகிறேன். நோயைப் பற்றிய பாடங்கள் பெரும்பாலும் தாக்குதலையே வருணிப்பதால், இரண்டு தாக்குதல்களுக்கு நடுவில் நோயாளி முழு நலத்தோடு இருப்பார் என்ற எண்ணம் குடும்பத்தாரிடமும் சில வேளைகளில் மருத்துவர்களிடமும்கூட உருவாகிவிடுகிறது. வலிக்காலத்தில் இருப்பவருக்கு அந்த இடைவெளி அவ்வளவு சுத்தமாக இருப்பதில்லை.

இதன் காரணம் நோயின் அடிப்படையிலேயே இருக்கிறது. முகத்திலிருந்தும் கண்ணைச் சுற்றியுள்ள பகுதியிலிருந்தும் உணர்ச்சிகளை மூளைக்குக் கொண்டு செல்வது முக்கிளை நரம்பு. தாக்குதலின்போது இந்த நரம்பின் பாதை கடுமையாகத் தூண்டப்படுகிறது; வலியைப் பெருக்கும் வேதிப்பொருள்கள் அங்கே சுரக்கின்றன; அதோடு இணைந்த தன்னியக்க நரம்புகளும் கிளர்ந்தெழுவதால்தான் கண் சிவந்து நீர் வடிகிறது, மூக்கு அடைக்கிறது, இமை வீங்குகிறது. 1998-இல் வெளியான மூளைப் படப்பிடிப்பு ஆய்வு ஒன்று, தாக்குதலின்போது ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி இயங்குவதைக் காட்டியது. உறக்கத்தையும் விழிப்பையும் உடலின் நாளொழுங்கையும் நடத்தும் பகுதி அது. தாக்குதல்கள் பலருக்குக் கடிகாரம் பார்த்து வருவதுபோல் ஒரே நேரத்தில் வருவதன் விளக்கம் அங்கேதான் இருப்பதாகக் கருதப்படுகிறது. தாக்குதல் முடிந்தவுடன் இந்த முழு அமைப்பும் அமைதியாகிவிடுவதில்லை. வலிக்காலம் முடியும் வரை அது தூண்டப்படத் தயாரான நிலையிலேயே இருக்கிறது. நோயாளிகள் பலரும் நிழல் வலி என்று சொல்லும் அந்த மந்தமான வலியை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் இடைவெளியில் வரும் எல்லாத் தொந்தரவுகளும் ஒரே வகையானவை அல்ல. வகையைத் தெரிந்துகொண்டால்தான் என்ன செய்வது என்பது தெளிவாகும் என்பதால், இதைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன்.

முதல் வகை, தாக்குதலின் பின்விளைவு. கடும் வலி அடங்கியபின் சில மணி நேரம் கண்குழியைச் சுற்றி ஒரு நோவு இருக்கும். கன்னத்து எலும்பின் மேலோ புருவத்தின் மேலோ விரல் பட்டால் அடிபட்ட இடத்தைத் தொட்டதுபோல் வலிக்கும். தலையணையில் அந்தப் பக்கம் சாய முடியாது. கழுத்தும் தோளும் இறுகியிருப்பதற்கு நரம்பு மட்டும் காரணம் அல்ல. தாக்குதலின்போது உட்கார முடியாமல் அங்கும் இங்கும் நடந்து, தலையைக் கையால் அழுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு தசைகள் எல்லாம் முறுக்கேறி இருந்ததும் காரணம். இந்த நோவு நேரம் செல்லச் செல்லக் குறையும். அதுதான் அதன் அடையாளம்.

இரண்டாவது வகை, பின்னணியில் தொடர்ந்து இருக்கும் மந்தமான வலி. அது ஏறுவதும் இல்லை, முழுதாக இறங்குவதும் இல்லை. அதே பக்கத்தில், பெரும்பாலும் கண்ணுக்குப் பின்னாலோ பொட்டிலோ இருக்கும். வெளிச்சமும் சத்தமும் அந்தப் பக்கத்தில் மட்டும் கூடுதலாக உறுத்துவதாகச் சிலர் சொல்கிறார்கள். வேலை பார்க்க முடியும், பேச முடியும். ஆனாலும் மனத்தின் ஒரு மூலை எப்போதும் அதைக் கவனித்துக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது வகை, வரப்போகும் தாக்குதலின் முன்னறிவிப்பு. மூக்கின் ஒரு துளை அடைபடுதல், கண்ணில் லேசாக நீர் கோத்தல், கழுத்தின் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளுதல், கொட்டாவி, காரணமில்லாத எரிச்சல், இருப்புக்கொள்ளாமை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு விதமாக அது இருக்கும். சிலருக்குத் தாக்குதலுக்குச் சில நிமிடங்கள் முன்னும், சிலருக்கு மணிக்கணக்கில் முன்னும் வரும். வலிக்காலமே தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்பு இத்தகைய மெல்லிய அறிகுறிகள் தலைகாட்டுவதும் உண்டு. இரண்டாவது வகையிலிருந்து இதைப் பிரித்தறிய ஒரே வழி, எந்தத் திசையில் போகிறது என்று பார்ப்பது. நிலையாக இருந்த வலி மெதுவாக ஏறத் தொடங்கினால், அதோடு கண்ணோ மூக்கோ சேர்ந்துகொண்டால், தாக்குதலைத் தணிக்கச் சுவாசிக்கும் ஆக்சிஜன் உருளையின் அருகில் போய் உட்கார்ந்துகொள்வது நல்லது.

நான்காவதாக ஒன்றும் உண்டு. அதைப் பலரும் கவனிப்பதில்லை. நோயின் மீதிருக்கும் கோபத்தில் மருந்தின் பக்கவிளைவுகளையும் நோயின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். தாக்குதல்களைத் தடுக்கத் தரப்படும் மருந்துகளையே பாருங்கள். வெரபமில் உடம்பை அசத்தும், மலச்சிக்கலையும் கணுக்கால் வீக்கத்தையும் தரும். டோபிரமேட் சொற்களைத் தேட வைக்கும், சிந்தனையை மந்தமாக்கும். ஸ்டீராய்டு உறக்கத்தைக் கெடுக்கும். லித்தியம் கை நடுக்கத்தையும் தாகத்தையும் தரும். ஆகவே புதிய தொந்தரவு எதுவாயினும், அது எந்த மருந்தைத் தொடங்கிய அல்லது கூட்டிய பின் வந்தது என்று பின்னோக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவுக்கு வாருங்கள்.

இனி மருந்துகளைப் பற்றி. சுமட்ரிப்டான் 6 மில்லிகிராம் ஊசி, முழு வேகத்தில் வந்த தாக்குதலைப் பெரும்பாலோருக்கு 15 நிமிடத்திற்குள் தணிக்கிறது. அதனாலேயே மெல்லிய வலிக்கும் அதைப் போட்டுக்கொள்ளலாம் என்ற ஆசை வருகிறது. இந்த ஆசைக்கு இடம்கொடுக்கக் கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஒரு நாளில், அதாவது 24 மணி நேரத்தில், இரண்டு ஊசிக்கு மேல் போடக் கூடாது, அவ்விரண்டுக்கும் இடையே குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். ஒன்றை மந்தமான வலிக்குக் கொடுத்துவிட்டால், இரவில் உண்மையான தாக்குதல்கள் வரும்போது கையில் ஒன்றுதான் மிஞ்சும். முன்கூட்டியே போட்டுக்கொண்டால் தாக்குதல் வராமல் நின்றுவிடும் என்ற எண்ணமும் சரியில்லை. சுமட்ரிப்டான் மாத்திரையை நாளுக்கு மூன்று வேளை ஒழுங்காகக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் தாக்குதல்களின் எண்ணிக்கையும் குறையவில்லை, கடுமையும் குறையவில்லை. இதய இரத்தக்குழாய் நோய், பக்கவாதம், கட்டுக்குள் இல்லாத இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இந்த மருந்தே கூடாது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

ஆக்சிஜன் அப்படியல்ல. நிமிடத்திற்கு 12 முதல் 15 லிட்டர் வரை, வெளிவிட்ட மூச்சைத் திரும்ப உள்ளிழுக்க விடாத பையுள்ள முகமூடி வழியாக, 15 முதல் 20 நிமிடம் நேராக உட்கார்ந்து சுவாசிப்பதே தாக்குதலுக்கான முறை. 2009-இல் வெளியான ஆய்வில், நிமிடத்திற்கு 12 லிட்டர் ஆக்சிஜன் சுவாசித்தபோது 78 விழுக்காட்டுத் தாக்குதல்களில் 15 நிமிடத்திற்குள் வலி நீங்கியது அல்லது போதிய அளவு தணிந்தது. சாதாரணக் காற்றைச் சுவாசித்தபோது அது 20 விழுக்காடாக இருந்தது. தாக்குதல் முடிந்தவுடன் முகமூடியைக் கழற்றிவிடாமல் இன்னும் சில நிமிடம் தொடர்ந்தால் மிச்ச வலி சீக்கிரம் அடங்குகிறது என்பது நோயாளிகள் பலருடைய அனுபவம். முன்னறிவிப்பு வகை வலி ஏறத் தொடங்கும்போதே ஆக்சிஜனைத் தொடங்குவதும் நியாயமானது, ஏனென்றால் அது எவ்வளவு முன்னதாகத் தொடங்கப்படுகிறதோ அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது. நுரையீரல் நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே பயன்படுத்த வேண்டும். நாள் முழுதும் நிலையாக இருக்கும் மந்தமான வலிக்காக மணிக்கணக்கில் சுவாசித்து உருளையைக் காலிசெய்வதில் பயனில்லை. உருளை இருக்கும் அறையில் புகைபிடிப்பதும் நெருப்பு மூட்டுவதும் உயிருக்கே ஆபத்து.

பாராசிட்டமால், ஐபுப்ரூபன் போன்ற மாத்திரைகள் தாக்குதலுக்கு உதவுவதில்லை. அவை வேலை தொடங்குவதற்குள் பெரும்பாலும் தாக்குதல் தானாகவே முடிந்துவிடும். கழுத்து இறுக்கத்துக்கோ பின்விளைவு நோவுக்கோ எப்போதாவது ஒன்று எடுத்துக்கொள்வதில் பெரிய தவறில்லை. ஆனால் அது தினசரிப் பழக்கமாகிவிட்டால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கும் நிலை வரக்கூடும். தனக்கோ நெருங்கிய உறவினருக்கோ ஒற்றைத் தலைவலி இருந்தவர்களிடம் இந்த ஆபத்து கூடுதல். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு, அதை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தடுப்புக்காக லித்தியம் சாப்பிடுபவர்கள் ஐபுப்ரூபன், டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கிச் சாப்பிடவே கூடாது. அவை இரத்தத்தில் லித்தியத்தின் அளவை நச்சு நிலைக்கு உயர்த்திவிடக்கூடும். மார்பின் போன்ற ஓபியாய்டு வகை வலிநிவாரணிகளுக்கு இந்த நோயில் இடமில்லை.

அப்படியானால் நாள்தோறும் இருக்கும் பின்னணி வலிக்கு எதுதான் மருந்து? தடுப்பு மருந்துதான். வெரபமில் முதலில் தரப்படும் தடுப்பு மருந்து. பெரும்பாலும் நாளுக்கு 240 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டப்படுகிறது. இதயத்தின் மின்னோட்டத்தை அது தாமதப்படுத்தக்கூடும் என்பதால், தொடங்கும் முன்னும் ஒவ்வொரு முறை அளவைக் கூட்டிய பின்னும் இ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும். தாக்குதல்கள் குறைந்துவிட்டன, ஆனால் நிழல் வலி மட்டும் அப்படியே இருக்கிறது என்று பலர் மருத்துவரிடம் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். சொல்ல வேண்டும். அந்த ஒரு தகவல், அளவைக் கூட்டலாமா, தலையின் பின்புறத்து நரம்பருகே ஸ்டீராய்டு ஊசி போடலாமா, குறுகிய காலத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரை தரலாமா, வேறு மருந்துக்கு மாறலாமா என்று முடிவெடுக்க அவருக்கு உதவும். விட்டுவிட்டு வரும் கொத்துத் தலைவலிக்கு, சி.ஜி.ஆர்.பி. என்ற வேதிப்பொருளைத் தடுக்கும் கல்கனெசுமாப் ஊசிக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-இல் ஒப்புதல் தந்திருக்கிறது. அளவை நீங்களாகக் கூட்டுவதோ, ஒரு வாரம் நன்றாக இருந்தது என்று நீங்களாக நிறுத்துவதோ கூடாது.

ஒரு பக்கத்து மந்தமான வலி மாதக்கணக்கில் ஒரு நாள்கூட விடாமல் இருந்து, அதன் மேல் அவ்வப்போது கடும் வலியும் ஏறி, அதே பக்கத்துக் கண்ணில் நீரும் வடிந்தால், அது கொத்துத் தலைவலிதானா என்பதையே மறுபடி பார்க்க வேண்டும். விடாமல் தொடரும் ஒருபக்கத் தலைவலி நோய் ஒன்று உண்டு. அது மூன்று மாதத்திற்கு மேல் இடைவிடாமல் இருக்கும். இண்டோமெதசின் என்ற மருந்துக்கு முழுமையாகக் கட்டுப்படும். சுமட்ரிப்டானுக்குப் பெரும்பாலும் கட்டுப்படாது. இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதால், இடைவெளி வலியைப் பற்றி நீங்கள் துல்லியமாகச் சொல்வதே மருத்துவருக்கு முக்கியமான துப்பு. எம்.ஆர்.ஐ. இதுவரை எடுக்கவில்லை என்றால், பிட்யூட்டரி சுரப்பிப் பகுதியையும் சேர்த்து ஒருமுறை எடுத்துப் பார்ப்பது குறித்து அவரிடம் கேளுங்கள்.

கண் இமையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கண்ணாடியில் பார்க்கும்போது, வலி வரும் பக்கத்து மேல் இமை மற்றதைவிட ஒரு நூலளவு தாழ்ந்தும், அந்தக் கண்ணின் பாவை சற்றுச் சுருங்கியும் தெரியலாம். மங்கிய வெளிச்சத்தில் பாவைகளின் வேறுபாடு தெளிவாகத் தெரியும். பலமுறை தாக்குதல் வந்தவர்களில் சிலருக்கு இது இடைவெளியிலும் மறையாமல் தங்கிவிடுகிறது. நெடுநாளாக அப்படியே இருந்து மருத்துவரும் பார்த்திருந்தால் பதற வேண்டியதில்லை. முதன்முறையாகத் தோன்றினால், அதிலும் கழுத்து வலியோடு திடீரென்று தோன்றினால், அன்றே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள், ஏனென்றால் கழுத்துத் தமனியின் சுவர் கிழிந்தாலும் இதே அடையாளம்தான் வரும். பார்வை மங்கி, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்து, கண் சிவந்து வலிப்பது கண் அழுத்த நோயாக இருக்கலாம். கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு ஆகியவற்றையும் நிழல் வலி என்று ஒதுக்கிவிடக் கூடாது.

அன்றாட வாழ்க்கையில் எல்லாவற்றையும்விட உறக்கத்துக்கே முதலிடம் தருவேன். இரவுத் தாக்குதல்கள் பெரும்பாலும் தூங்கிய ஓரிரு மணி நேரத்தில் வந்து எழுப்பிவிடுகின்றன. மறுநாள் பகலில் கண் சொருகுகிறது. பகலில் தூங்கினால் சிலருக்கு அந்தத் தூக்கமே ஒரு தாக்குதலை அழைத்து வருகிறது. ஆகவே படுக்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் எவ்வளவு சிரமமானாலும் ஒரே சீராக வைத்திருங்கள். பகல் தூக்கம் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று குறிப்பேட்டைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். குறட்டையும் பகல் மயக்கமும் அதிகமாக இருந்தால் உறக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்ற சோதனையைக் கேளுங்கள். இந்த நோயாளிகளில் அது அடிக்கடி காணப்படுகிறது. மது வலிக்காலத்தில் ஒரு மிடறுகூட வேண்டாம். பலருக்கும் குடித்த ஒரு மணி நேரத்திற்குள் தாக்குதல் வந்துவிடும், அதே மது தாக்குதல்கள் வராத ஓய்வுக்காலத்தில் ஒன்றும் செய்யாமல் இருப்பதால் பலர் ஏமாந்துபோகிறார்கள். நெஞ்சுவலிக்குத் தரும் நைட்ரோகிளிசரின், ஆண்களின் விறைப்புக் குறைபாட்டு மாத்திரைகள் ஆகியவையும் தாக்குதலைத் தூண்டக்கூடியவை. பெயின்ட், பெட்ரோல், வாசனைத் திரவியம் ஆகியவற்றின் நெடியிலிருந்தும் விலகியிருங்கள்.

தலைத்தோல் நோகும்போது இறுக்கமான தொப்பி, ஹெல்மெட், கண்ணாடிச் சட்டம் ஆகியவை நோவைக் கூட்டும். குளிர்ந்த துணியை நெற்றியில் வைப்பது சிலருக்கும், கழுத்தின் பின்புறம் இதமான வெந்நீர் ஒத்தடம் வேறு சிலருக்கும் சுகம் தருகிறது. உடம்பு ஏற்பதைச் செய்யலாம். கழுத்தை மெதுவாகத் திருப்பி நீட்டுவது போதும். வலிக்காலத்தில் கழுத்தைச் சொடுக்கி எடுக்கும் வைத்தியத்துக்குப் போக வேண்டாம் என்றே சொல்வேன்.

வலிக்கு அடுத்தபடியாக மனிதரைத் தேய்ப்பது பயம். மூக்கு அடைத்தால் பயம், கண் உறுத்தினால் பயம், இரவு படுக்கப் பயம். இது கோழைத்தனம் அல்ல. தாக்குதல் எப்படி இருக்கும் என்று தெரிந்த எவருக்கும் வரும் பயம் இது. அதைக் குறைக்க எனக்குப் பெரிதும் உதவியது குறிப்பேடு. நேரம், வலி பத்துக்கு எவ்வளவு, ஏறுகிறதா இறங்குகிறதா, கண்ணும் மூக்கும் எப்படி, என்ன எடுத்துக்கொண்டேன், முடிவில் தாக்குதல் வந்ததா இல்லையா என்று ஓரிரு வரி எழுதினால் போதும். “மாலை 4 மணி, வலது கண்ணுக்குப் பின்னால் 2, ஏறவில்லை, மூக்கு அடைக்கவில்லை, 7 மணிக்கு 1, தாக்குதல் இல்லை” என்பது போன்ற வரிகள் சேரச் சேர, மெல்லிய வலிகளில் எத்தனை தாக்குதலாக மாறின, எத்தனை மாறாமல் அடங்கின என்று கண்முன்னே தெரியும். என் குறிப்பேட்டில் பெரும்பாலானவை மாறாமல் அடங்கியவையே. உங்களுக்கு வேறு விதமாக இருக்கலாம். எதுவாக இருந்தாலும் ஊகத்தைவிட அது நம்பத் தகுந்தது, மருத்துவருக்கும் அதுவே பயன்படும்.

வீட்டில் இருப்பவர்களிடம், “இப்போது தாக்குதல் இல்லை, ஆனால் நான் முழுதாகச் சரியாகவும் இல்லை” என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அவர்கள் தாமாகப் புரிந்துகொள்வார்கள் என்று காத்திருப்பது இரு தரப்புக்கும் மனக்கசப்பையே தரும். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தலைதூக்கினால் அதை மறைக்காதீர்கள். இந்த நோயில் அத்தகைய எண்ணம் வருவது அபூர்வம் அல்ல என்று தலைவலி மருத்துவர்களுக்குத் தெரியும். உடனே நெருங்கியவர் ஒருவரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், தேவைப்பட்டால் அவசர உதவியை அழையுங்கள்.

வலிக்காலம் முடியும்போது தாக்குதல்கள் முதலில் இடைவெளி விட்டு வரும், பிறகு நிற்கும்; நிழல் வலி சிலருக்கு அதன் பிறகும் சில நாள் தங்கியிருக்கும். தாக்குதல் நின்ற மறுநாளே தடுப்பு மருந்தை நிறுத்திவிட வேண்டாம். வழக்கமாகக் குறைந்தது இரண்டு வாரமாவது தாக்குதல் இல்லாமல் கடந்த பிறகே மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். அப்போதும் மெல்லிய வலி தொடர்ந்தால், தேதிகளோடு அவரிடம் சொல்லி, குறைக்கத் தொடங்கும் நாளை அவரையே முடிவுசெய்யச் சொல்லுங்கள்.